இடதுபக்கத்து ரப்பர்

அடுத்தவர் வாயிலிருந்து எடுத்த பல் அச்சை எச்சில் காய்வதற்குள் கழுவி, பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி வார்த்து, பல் செட் செய்து கொடுப்பதுதான் அவளுடைய தொழில். அந்த அச்சுகளில் முந்தின நாள் சாப்பாட்டுத் துணுக்கு ஒட்டியிருக்கும், இரத்தம் கசிந்திருக்கும், சிலதில் சிகரெட் நாற்றம் எழுந்து நிற்கும். அவள் முகம் கோணியதே கிடையாது. வேலை பழகிய காலத்தில் கூடச் சேர்ந்த பெண்களெல்லாம் அச்சுக் கழுவுகிற தொட்டியைப் பார்த்ததுமே ஓடிப்போனார்கள். இவள் மட்டும் நின்று கற்றுக்கொண்டு, இப்போது வீட்டிலிருந்தபடியே சில பல் டாக்டர்களுக்கு வேலை செய்து கொடுக்கிறாள். தெருவில் அவளுக்குப் பல்லம்மா என்று பெயர்.

அப்படிப்பட்டவளுக்கு அருவருப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது அவள் கணவனின் கார்.

கார் என்றதும் குடும்பத்தோடு ஏறிப் போகிற காரை நினைத்துவிட வேண்டாம். இரண்டே சீட். உட்கார்ந்தால் காலை நீட்டிப் படுத்த மாதிரி இருக்கும். வயிறு தரையில் உரசுகிற உயரத்தில் போகும். அவன் பிறப்பதற்கு முன்பே செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. கோழிகள் அடைந்துகொண்டிருந்த ஒரு கொட்டகையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தான். சீட்டுக்கு அடியில் எலிக் குடும்பம் ஒன்று குடியேறி, பெருகி, அங்கேயே செத்தும் கிடந்தது. "பாரு, ஸ்டீயரிங் ஒரிஜினல் அப்படியே இருக்கு!" என்று அவன் குதித்தான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எலிகளை முறத்தில் அள்ளினாள். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து செய்த முதல் பெரிய வேலை அதுதான்.

அவன் கெட்டவன் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டு வந்து கொடுப்பான். இதையெல்லாம் அவளுடைய அக்கா போன் செய்யும்போதெல்லாம் ஒப்பிப்பாள். "வேற என்னடி வேணும் உனக்கு?" என்று முடிப்பாள். வேறு என்ன வேண்டும் என்பதை அவள் அக்காவுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும்.

வீட்டின் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்து ஓர் அறை இருந்தது. ஷட்டர், தண்ணீர்க் குழாய், தரையில் தண்ணீர் போக வழி, மேலே காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் என்று எல்லாம் அதில் உண்டு. பல் செட் செய்கிறவள் கனவு கண்டால் இப்படி ஓர் அறையைத்தான் காண்பாள். அதில் கார் நின்றது. இடதுபக்கம் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும், பூனைகூட அந்தச் சந்தில் நுழையாது. வலதுபக்கம் அவன் பாய் விரித்துப் படுத்துப் புரள்வதற்கான இடம். அவளுடைய மாவு மூட்டைகளை ஷட்டர் ஓரமாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அனுமதி என்றுதான் அவன் சொல்வான்.

ஆகவே பல் செட்டுகள் சமையலறையில் பிறந்தன. அடுப்புக்குப் பக்கத்து மேடையில் ஒருபுறம் வெங்காயம் நறுக்குவாள், மறுபுறம் யாருடைய கீழ்த்தாடையோ காயும். பல் செட்டுக்கு ஊற்றுகிற திரவத்தின் நெடி குழம்பில் ஏறும். குழம்பின் வாசனை பல் செட்டில் ஏறும். இரண்டையும் பிரித்து வைக்க அவள் படாத பாடு இல்லை.

"வண்டி சரியாகட்டும். அன்னைக்கே கொண்டுபோய் லேத் மச்சான் ஷெட்ல விட்டுடறேன். அறை உனக்குத்தான்" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். லேத் மச்சான் என்பவர் ஊருக்கு வெளியே லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அதனால் இவன் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டான். பட்டறைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஷெட்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"இப்பவே விட்டா என்ன?" என்று அவள் கேட்டாள்.

"சரியாகாத வண்டிய எப்படி அடுத்தவர் இடத்துல போய் நிறுத்தறது? மானம் போயிடும்."

"சரியாயிடுச்சுன்னு யார் சொல்றது?"

"நீதான். பக்கத்துல உட்கார்றவ நீதானே? நீ சரின்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். இதைவிடச் சுலபமான தேர்வு உலகத்தில் உண்டா? அடுத்த முறை அவன் ஊரைச் சுற்றி அழைத்துப்போனபோது, பல்லைக் கடித்துக்கொண்டு, "அருமையா இருக்கு. பஞ்சு மெத்தை மாதிரி" என்றாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு சுற்று, அதுவும் மண் ரோட்டில். பாதி வழியில் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தாள். பொய் சொன்ன வாயே காட்டிக்கொடுத்தது. அவன் சீட்டைத்தான் முதலில் துடைத்தான்.

கோளாறு எங்கே என்று பார்த்ததில் அது புஷ்ஷில் வந்து நின்றது. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, வண்டியின் சட்டத்தோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். பெருவிரல் பருமன்தான். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிற ரப்பர். அதுதான் புஷ். ரோட்டில் விழுகிற அடியை அது வாங்கிக்கொள்ளும். அது வாங்காவிட்டால் உட்கார்ந்திருப்பவர் வாங்க வேண்டும்.

பழைய புஷ்கள் அழுகிப் போயிருந்தன. ரப்பர் அழுகுமா என்று கேட்பவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். தொட்டால் கருப்புப் பாகு மாதிரி கையில் இழுத்தது. இரும்புக் கையை விட்டு வர மறுத்ததால் அவன் நெருப்பு வைத்து எரித்து எடுத்தான். அந்தப் புகை மாடி ஏறி, சமையலறைக்குள் நுழைந்து, கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் படிந்து, தலையணை உறைவரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. சில நாள் கழித்து ஒரு பல் டாக்டர் போன் செய்தார். "நீங்க குடுத்த செட்ட வாயில வச்சா டயர் நாத்தம் அடிக்குதுன்னு பேஷண்ட் சொல்றாரும்மா." அவள் வெட்கத்தில் செத்துப்போனாள். வேறு செட் செய்து, தானே கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் கிழவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தாள்.

முதலில் புது ரப்பர் போட்டான். லேத் மச்சான் சொன்னதும் அதைத்தான். "இந்த வண்டிய ரப்பருக்குன்னு செஞ்சிருக்கான். அதையே போடு மாப்ள" என்று அவர் அளவு பார்த்துப் பிரஸ் மெஷினில் அழுத்தி இறக்கிக் கொடுத்தார். வண்டி ஓடியது. அவனுக்கு வழவழவென்று போனதாம். அவளுக்கு ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கியது. "ஒண்ணுமே தெரியலையே, உனக்கு மட்டும் எப்படி?" என்றான். கொஞ்ச நாளில் இடதுபக்கத்து ரப்பர் கிழிந்தும் போனது. கிழிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "ரப்பரே வேஸ்ட்" என்று தீர்ப்பு எழுதிவிட்டான்.

அடுத்து பி.யூ. என்றான். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று, ரேஸ் வண்டிக்காரர்கள் போடுவதாம். சிவப்பு நிறத்தில் மிட்டாய் மாதிரி இருந்தது. அதற்கென்று தனி கிரீஸ். மூக்குச் சளி மாதிரி ஒரு பொருள், கையில் பட்டால் சோப்புக்கு மசியாது. கதவுக் கைப்பிடி, விளக்கு சுவிட்ச், தண்ணீர்ச் சொம்பு என்று அவன் தொட்ட இடமெல்லாம் அது வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு கிரீஸ் பூசியும் அந்தச் சிவப்புச் சனியன் கீச்சிட்டது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும். எலிக் குடும்பம் திரும்ப வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

பிறகு நைலான். லேத் மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டே கடைந்து கொடுத்தார். வெள்ளை உருளைகள். அவற்றைத் தண்ணீரில் கொதிக்க வைத்துத்தான் பொருத்த வேண்டும் என்று எவனோ சொன்னானாம். அவளுடைய பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தான். இரும்புக் குழல்களைக் குளிர வைத்தால் சுருங்கிச் சுலபமாக நுழையும் என்று ஃப்ரீசரில் வைத்தான், கிரீஸோடு, ஐஸ் தட்டுக்கு மேலேயே. அந்தப் பால் பாத்திரத்தை அவள் தெருவில் விட்டெறிந்தாள். அவன் அதை எடுத்து வந்து போல்ட் போட்டு வைக்க வைத்துக்கொண்டான்.

நைலான் போட்டதும் அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "ரோடு அப்படியே கைல தெரியுது!" என்றான்.

"எனக்கு முதுகுல தெரியுது" என்றாள் அவள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவன் நிதானமாக, நியாயம் பேசுகிறவனைப் போல ஆரம்பித்தான். "யோசிச்சுப் பாரு. ரப்பர் போட்டேன், ஆகலன்னு சொன்ன. பி.யூ. போட்டேன், ஆகல. நைலானும் ஆகல. மூணு மெட்டீரியலும் ஆகலன்னா, கோளாறு மெட்டீரியல்லயா இருக்கும்?"

அவள் சோற்றைப் பிசைந்த கையோடு அவனைப் பார்த்தாள். அவன் உண்மையாகவே அக்கறையோடுதான் கேட்டான். மறு வாரம் எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனான். முதுகெலும்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க எலும்பு நல்லா இருக்கும்மா. வண்டிய மாத்துங்க" என்றார். வெளியே வந்ததும் அவன், "இவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்றான்.

இப்படியே போயிருந்தால் இன்னும் எத்தனை காலம் போயிருக்குமோ. நடுவில் பல் டாக்டரம்மா வந்தார். இவள் வேலை செய்து கொடுக்கிறவர்களில் பெரிய கை அவர்தான். புதிதாகப் பெரிய கிளினிக் திறக்கப் போகிறார். அதன் பல் செட் வேலை மொத்தத்தையும் இவளிடமே கொடுக்கலாம் என்று நினைத்து, வேலை நடக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தார். சொல்லிக்கொள்ளாமல் வந்தார். மேடையில் வெங்காயமும் கீழ்த்தாடையும் அக்கம்பக்கமாக இருந்தன. டாக்டரம்மாவின் கண் அங்கே போய் வந்தது. குடிக்கக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் கேட்டார். அவள் பதற்றத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்க்கதவுக்குப் பதில் ஃப்ரீசரைத் திறக்க, கிரீஸ் பூசிய இரும்புக் குழல் ஒன்று உருண்டு வந்து டாக்டரம்மாவின் செருப்பின் மேல் விழுந்தது.

டாக்டரம்மா அதைக் குனிந்து பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது தெரிந்தது.

"உங்க கை மாதிரி வேலை செய்யற கை கிடைக்காதும்மா. அதுக்காகத்தான் வந்தேன். ஆனா இங்க செய்யறத என் பேஷண்ட் வாயில நான் வைக்க முடியாது. தனி ரூம் ஒண்ணு பாருங்க. மாசக் கடைசிவரைக்கும் வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார். அவள் அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எத்தனையோ ஆயிரம் வாய்களைப் பார்த்தவள், தன் வீட்டைப் பார்த்து இன்னொருத்திக்குக் குமட்டியதைப் பார்த்தது அன்றுதான். அவளுக்கே தன் வீடு குமட்டியது.

அவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். அவனும் மனம் இளகித்தான் போனான். "மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடறேன். சத்தியம். மறுபடி ரப்பருக்கே போயிடறேன். மச்சானும் விடாம அதையேதான் சொல்றார். இந்தத் தடவை ஒசத்தி ரப்பர்."

"வண்டிய இன்னைக்கே ஷெட்ல கொண்டுபோய் விட்டா என்ன?"

"ஒரே ஒரு தடவை. ரப்பர போட்டு, நீ உட்கார்ந்து பார்த்து, சரின்னு சொல்லிடு. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

அவனுக்குத் தூக்கம் வர வேண்டுமே! அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாவு தீர்ந்துபோனதால் எடுத்துவரக் கீழே போனாள். ஷட்டர் ஓரத்தில் மூட்டைகள் இல்லை. தேடினால், காரின் வலதுபக்கச் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக, சாய்ந்து உட்கார்ந்திருந்தன. ஒரு மூட்டையின் ஓரம் கிழிந்து, வெள்ளை மாவு ஸ்டீயரிங்குக்குக் கீழே கொட்டிக் கிடந்தது.

"என் மாவு மூட்டை இங்க என்ன பண்ணுது?"

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அது நான்."

"என்னது?"

"என் எடைக்கு வச்சிருக்கேன்." அவன் தலையை மட்டும் வெளியே நீட்டினான். நெற்றியில் கிரீஸ். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்த உற்சாகம். "ரப்பர் புஷ்ஷோட போல்ட்ட எப்பவும் வண்டி தரையில நிக்கறப்போ, ஆள் உட்கார்ந்த எடையோடதான் முறுக்கணும். எந்த நிலையில முறுக்கறோமோ அதுதான் அதுக்கு ஓய்வு நிலை. அங்கிருந்து கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழன்னு ஆடும். சக்கரம் அந்தரத்துல தொங்கறப்போ முறுக்கிட்டேன்னு வை, வண்டிய இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும். விறைச்சுப் போயிடும். அடிய வாங்காது, சீக்கிரம் கிழியும். இதெல்லாம் தெரியாமத்தான் பாதிப் பேரு ரப்பர் வேஸ்ட்டுன்னு சொல்றான். வலதுபக்கம் முடிச்சுட்டேன். இப்போ இடது."

அவள் இடதுபக்கம் எட்டிப் பார்த்தாள். காரின் இடது மூலைக்கு அடியில் ஜாக்கி நின்றது. சக்கரம் தரையைத் தொடாமல் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சக்கரம் அந்தரத்துலதானே தொங்குது?"

"அந்தப் பக்கம் சுவர் இடிக்குது. படுத்து நுழைய முடியாது. ஜாக்கி போட்டுத் தூக்கினாத்தான் இந்தப் பக்கத்துலேர்ந்து ஸ்பானர் எட்டுது."

"முதல் தடவை ரப்பர் போட்டப்போ?"

"அப்பவும் இப்படித்தான்."

"என் சீட்ல எடை வச்சீங்களா?"

"அதுக்கு எதுக்கு எடை?" என்றான். குரலில் துளியும் குற்ற உணர்ச்சி இல்லை. "வண்டிய ஓட்டறது நான். நீ என்ன தினமுமா வர்ற?"

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஸ்பானர் இரும்பில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. பல் செட்டுக்குக் கடி அளவு எடுக்கும்போது வாய் இரண்டு பக்கமும் ஒன்றாக மூடியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்து அளவெடுத்தவனை அவள் தொழிலில் வாசல்படி ஏற விடமாட்டார்கள். சிவப்பும் வெள்ளையும் கெட்டதுகள்தான், அவற்றுக்காக அவள் பரிந்து பேசப் போவதில்லை. ஆனால் அந்த முதல் ரப்பர் என்ன பாவம் செய்தது? அவன் பக்கத்தில் வழவழவென்று போனதும் அதே ரப்பர்தான். அவள் பக்கத்தில் மட்டும் அதை முறுக்கிப் பூட்டி, அந்தக் குற்றத்தை ரப்பர்மேல் போட்டு, ரப்பர் போன பிறகு அவள் முதுகெலும்பின்மேல் போட்டு, டாக்டரிடம் படம் எடுக்கிறவரைக்கும் போயாகிவிட்டது. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை மாட்டுகிற தொழில் அவனுக்கு. இரண்டு பேர் உட்காருகிற வண்டியில் ஒரு ஆளைத்தான் எண்ணியிருக்கிறான்.

சாக்கடையை மிதித்த மாதிரி உடம்பெல்லாம் கூசியது. கிரீஸையும் எலியையும் எரிந்த ரப்பரையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகும். இது எதைக் கொண்டு கழுவ?

"வண்டிய இறக்குங்க" என்றாள்.

"இரு, ரெண்டே போல்ட்டு."

"இறக்குங்கன்னு சொல்றேன். தெருவுக்குத் தள்ளுங்க. அங்க சுவர் இடிக்காது."

அவள் அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. மறு பேச்சில்லாமல் இறக்கினான். இருவருமாகத் தள்ளித் தெருவின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அடியில் படுக்க இடம் வேண்டுமென்று நாலு சக்கரத்துக்கும் கீழே கனத்த பலகைகளைக் கொடுத்துச் சமமாக நிறுத்தினான். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே, "என்ன பல்லம்மா, ஒருவழியா விக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"உட்காரப் போறேன்" என்றாள்.

இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவனாக மாவு மூட்டை இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்ததால் அதனிடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அடியில் அவன் ஊர்ந்து வந்து அவளுக்கு நேர் கீழே படுத்தான்.

"அசையாத. எப்பவும் உட்கார்ற மாதிரி உட்காரு."

"நான் எப்பவும் எப்படி உட்கார்வேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கீழே ஸ்பானரை மாட்டுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு கையாலயும் கதவப் பிடிச்சுக்கிட்டு" என்றாள்.

பிறகு ஸ்பானர் திரும்பியது. போல்ட் இறுகுவது அவள் கால்விரல்களில் தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மூட்டையை இறக்கிவிட்டு அவன் ஏறினான். நேராக லேத் மச்சான் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றாள். அந்த ரோடு எப்படிப்பட்ட ரோடு என்று அவளுடைய இடுப்புக்குத் தெரியும். பால்பண்ணை தாண்டியதும் தோண்டிப் போட்டு மூடாத பள்ளம் ஒன்று, அதைத் தாண்டி மேடு, அதைத் தாண்டி வரிசையாகக் கற்கள் பெயர்ந்த இடம். பள்ளம் வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளம் வந்தது, போனது. சக்கரம் இறங்கி ஏறியது தெரிந்தது, அவ்வளவுதான். மேடும் அப்படியே போனது. கற்கள் மேல் வண்டி முனகிக்கொண்டு போனது, அவளைத் தொடவில்லை. கையைக் கதவிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே மரங்கள் ஓடின. இந்த ரோட்டில் மரங்கள் இருக்கின்றன என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சுகமாக இருந்தது. இவ்வளவு சுகத்தை முதல் நாளிலிருந்தே அந்த இரும்புக் குழலுக்குள் பூட்டி வைத்திருந்தான் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது, அவன்மேல் காறித் துப்பலாம் போலவும் இருந்தது.

"எப்படி?" என்று கேட்டான்.

"சரியா இருக்கு."

"பார்த்தியா!" அவன் ஸ்டீயரிங்கைத் தட்டினான். "ரப்பர்தான்! ஒசத்தி ரப்பர்!"

பட்டறையில் லேத் மச்சான் வண்டியைச் சுற்றி வந்து, முன்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கி எழுந்து நின்றது. "தங்கச்சி முகத்துல இன்னைக்குத்தான் உயிர் இருக்கு. என்ன மாப்ள, கடைசியில எந்த மெட்டீரியல்?"

"நீங்க சொன்ன ரப்பர்தான் மச்சான். இது வேற கிரேடு. இதோட கடினம் பார்த்தீங்கன்னா..."

"முதல்ல போட்டதும் இதே ரப்பர்தானே? நான்தான வாங்கிக் குடுத்தேன், ரெண்டு தடவையும். அப்போ ஏன் தங்கச்சிக்கு ஆகல?"

அவன் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தான்.

"அப்போ நான் வண்டியிலயே இல்லண்ணே" என்றாள் அவள். "இன்னைக்குத்தான் என்னை உட்கார வச்சு முறுக்கினார்."

லேத் மச்சான் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தொழில்காரர், புரிய நேரம் ஆகவில்லை. "இடதுபக்கத்த அந்தரத்துலயா மாப்ள முறுக்கின?"

"சுவர் இடிச்சுது மச்சான்."

"ச்சீ" என்றார் அவர். ஷெட் கதவைத் திறந்துவிடப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம், அவன் பக்கத்தில். கையில் வண்டி இல்லாமல் அவன் கொஞ்சம் சிறுத்துப்போன மாதிரி தெரிந்தான். வெகுநேரம் தன் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, உண்மையான வருத்தத்தோடு சொன்னான்.

"இத்தனை நாள் அவ்வளவு கஷ்டமா இருந்திருக்கு உனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அவன் கண்ணில் ஈரம்கூட இருந்தது. பள்ளத்தில் கத்தியதையும், படுக்கையில் முனகியதையும், மடியில் வாந்தி எடுத்ததையும், படம் எடுக்கிற மேசையில் படுத்ததையும் கணக்கில் வைக்காமல், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனதாரக் குறைபட்டுக்கொண்டிருந்தான். திட்டுவதற்கு அவளுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். அவன்மேல் அதில் ஒன்றைக்கூட வீணாக்க மனம் வரவில்லை.

போனை எடுத்தாள். "டாக்டரம்மா, தனி ரூம் ரெடி. தண்ணி இருக்கு, ஃபேன் இருக்கு. தரை மட்டும் கழுவணும். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம்." மறுமுனையில் டாக்டரம்மா ஏதோ சொல்ல, "ரொம்ப சந்தோஷம் டாக்டரம்மா" என்று சொல்லி வைத்தாள். பிறகு அவன்முன் கையை நீட்டினாள்.

"ஷட்டர் சாவியக் குடுங்க."

அவன் கொத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தவனைப் போல நிமிர்ந்தான். "அப்போ என் ஸ்பானர், ஜாக்கி, கிரைண்டர் எல்லாம்? ஒரு மூலையாவது எனக்கு விடணும். எங்க வைக்கறதுன்னு சொல்லு."

"நீங்க சொல்லுங்க" என்றாள். "நல்லா சொல்லிக்கிட்டே வாங்க. எனக்குக் கேக்குதான்னு பார்ப்போம்."

அவன் அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டான். ஷட்டருக்கு வலதுபக்கம் ஒரு அலமாரி, அதற்கு மேலே ஜாக்கி, கிரைண்டருக்குத் தனியாக ஒரு மேசை என்று உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினான். அவள் சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.